பெயர் இருக்கிறது, எழுத்து எங்கே?

நாட்காட்டி வடிவமைத்தவரின் கணினியில் எல்லாம் சரியாக இருக்கிறது. அதே கோப்பைப் பென்டிரைவில் ஏற்றி அச்சகத்தில் திறந்தாலும் சரியாகவே தெரிகிறது. கடைக்காரர் கடைசி நேரத்தில் வந்து, "அந்த ஆண்டை மட்டும் மாத்திக் குடுங்க" என்கிறார். அச்சக ஊழியர் அந்த வரியைச் சொடுக்குகிறார். ஓர் எச்சரிக்கைப் பெட்டி எழுகிறது. சரி என்று அழுத்தியதும், 'தமிழ்நாடு' என்று இருந்த இடத்தில் தலையும் காலும் புரியாத ஆங்கில எழுத்துகள் வந்து நிற்கின்றன. அடுத்து தொலைபேசிதான்: "அண்ணே, ஃபாண்ட் இல்லை. ஃபாண்ட்டையும் சேர்த்து அனுப்புங்க."

டிடிபி மையத்தின் வாசலில் காத்திருந்த எவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. ஆனால் இதற்குள் ஒரு புதிர் இருக்கிறது. கோப்போ நூற்றுக்கணக்கான மெகாபைட். எழுத்துருக் கோப்பு ஒன்று பெரும்பாலும் சில நூறு கிலோபைட்டைத் தாண்டாது. இவ்வளவு பெரிய கோப்பில் அந்தச் சிறிய பொருளுக்கு இடமில்லாமல் போனது எப்படி? இடமில்லை என்றால், தொடும்வரை எழுத்து ஒழுங்காகத் தெரிந்தது எப்படி?

அடுக்கு வந்த கதை

இந்தக் கோப்பு உருவான ஃபோட்டோஷாப் மென்பொருளின் முதல் பதிப்பு 1990 பிப்ரவரியில் வெளிவந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் நோலும், திரைப்படக் காட்சி மாயங்களில் வேலை செய்த அவருடைய சகோதரர் ஜானும் உருவாக்கியது. அந்தப் பதிப்பில் அடுக்குகள் கிடையாது. எழுத்தை அடித்து இடத்தில் வைத்துவிட்டால், அது படத்தோடு படமாகக் கரைந்துவிடும். பிழை தெரிந்தால் அழித்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டியதுதான்.

1994-இல் வந்த மூன்றாம் பதிப்புதான் படத்தை 'லேயர்' எனும் அடுக்குகளாகப் பிரித்தது. பின்னணி ஓர் அடுக்கு, படம் ஓர் அடுக்கு, எழுத்து ஓர் அடுக்கு. ஒன்றைத் தொட்டால் மற்றது கலையாது. அப்போதும் எழுத்து படப்புள்ளிகளின் கூட்டமாகவே இருந்தது. எழுத்தை எழுத்தாகவே வைத்துக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் திருத்தும் வசதி 1998-இல் ஐந்தாம் பதிப்போடு வந்தது.

எழுத்துருவைத் தேடி அலையும் வேலையும் அந்த வசதியோடுதான் வந்தது. கரைந்துபோன எழுத்துக்கு எழுத்துரு தேவையில்லை. திருத்தக்கூடிய எழுத்துக்கு ஒவ்வொரு முறையும் தேவை.

இரண்டு பிரதிகள்

அடுக்குக் கோப்பில் ஓர் எழுத்து அடுக்கு இரண்டு வடிவங்களில் சேமிக்கப்படுகிறது. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் படம்: எழுத்துருவைக் கொண்டு ஏற்கெனவே வரைந்து முடித்த படப்புள்ளிகள். மற்றொன்று, அந்தப் படத்தை மீண்டும் வரைவதற்கான குறிப்பு: எந்த எழுத்துகள், என்ன அளவு, என்ன நிறம், எந்த எழுத்துரு.

கோப்பைத் திறக்கும்போது மென்பொருள் முதல் வடிவத்தை எடுத்துத் திரையில் காட்டுகிறது. அதற்கு எழுத்துரு வேண்டாம். எனவே எங்கே திறந்தாலும் நாட்காட்டி ஒழுங்காகவே தெரியும். வரியைத் திருத்தத் தொடங்கிய நொடியில் பழைய படம் செல்லாது. குறிப்பைப் படித்துப் புதிதாக வரைந்தாக வேண்டும். அந்தக் குறிப்பில் எழுத்துருவின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. மளிகைச் சீட்டில் பருப்பு என்று எழுதியிருந்தால் சீட்டுக்குள் பருப்பு இருக்காது அல்லவா, அதே நிலைதான்.

பி.டி.எஃப். கோப்பு இந்த இடத்தில் வேறு வழியில் போகிறது. அது எழுத்துகளின் வடிவத்தையே உள்ளே எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் முழு எழுத்துருவையும் எடுப்பதில்லை, பயன்பட்ட எழுத்துகளை மட்டும் கிள்ளி எடுக்கும். அப்படிக் கிள்ளி எடுத்ததற்கு அடையாளமாக, எழுத்துருப் பெயரின் முன்னால் ஆறு பெரிய ஆங்கில எழுத்துகளும் ஒரு கூட்டல் குறியும் சேரும். அச்சிட இது போதும். ஆனால் வாசகத்தில் 'ஞ' இல்லாதிருந்து, பிறகு அதைச் சேர்க்க வேண்டி வந்தால், அந்த வடிவம் பி.டி.எஃப்.-இல் இராது. திருத்துவதற்கு அடுக்குக் கோப்பும் அசல் எழுத்துருவும் வேண்டும்.

ஒரு வரியைப் பிரித்துப் பார்த்தால்

எந்தெந்த எழுத்துரு வேண்டும் என்று கண்டுபிடிப்பது எளிது என்று தோன்றும். கோப்புக்குள்தான் பெயர்கள் இருக்கின்றனவே, வரிசையாகப் படித்து எழுதிக்கொண்டால் முடிந்தது. அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதை வேறொரு நாட்காட்டியின் ஒரே ஒரு வரியில் பார்க்கலாம். வாசகம்: 'தமிழ்நாடு 2026'.

இந்த அடுக்கின் குறிப்பைப் பிரித்தால் முதலில் ஓர் எழுத்துருப் பட்டியல் கிடைக்கிறது. எண்கள் சுழியத்திலிருந்து தொடங்குகின்றன. 0: லதா. 1: அடோபி இன்விஸ் ஃபாண்ட். 2: பாலூ தம்பி. 3: ஏரியல் தடிமன். 4: மிரியட் ப்ரோ. ஆக மொத்தம் ஐந்து.

வடிவமைத்தவர் தேர்ந்தெடுத்தது இரண்டே எழுத்துரு: தமிழுக்கு லதா, எண்ணுக்கு ஏரியல் தடிமன். மற்ற மூன்றும் எங்கிருந்து வந்தன? இதற்கு விடை பட்டியலில் இல்லை. அதை அடுத்து வரும் பகுதியில் இருக்கிறது.

அந்தப் பகுதி வாசகத்தைத் துண்டு போடுகிறது. ஒரே தோற்றத்தில் தொடர்ந்து வரும் எழுத்துகளின் வரிசைக்கு 'ஓட்டம்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு நீளமும், பட்டியலில் உள்ள ஓர் எண்ணும் தரப்பட்டிருக்கும். நம் வரிக்கு மூன்று ஓட்டங்கள்; நீளம் 9, 1, 5. அவை சுட்டும் எழுத்துரு எண் 0, 2, 3.

ஒன்பதா? 'தமிழ்நாடு' என்பதில் த, மி, ழ், நா, டு என்று ஐந்து எழுத்துகள்தானே? மனிதர் எண்ணினால் ஐந்து. கணினி யூனிகோடு குறியீடுகளை எண்ணுகிறது. 'மி' என்பது அதற்கு ம-வும் இகரக் கொக்கியும். 'ழ்' என்பது ழ-வும் புள்ளியும். அப்படி எண்ணினால் ஒன்பது வரும். அடுத்த ஒன்று, சொல்லுக்கும் ஆண்டுக்கும் இடையிலுள்ள வெற்றிடம். கடைசி ஐந்தில் நான்கு இலக்கங்கள் போக மீதி ஒன்று, ஃபோட்டோஷாப் ஒவ்வொரு வாசகத்தின் முடிவிலும் தானாகச் சேர்க்கும் கண்ணுக்குத் தெரியாத முடிவுக்குறி. ஆக 15 குறியீடுகள், மூன்று ஓட்டங்கள். கணக்குச் சரியாகிவிட்டது.

இப்போது பட்டியலுக்குத் திரும்பலாம். 1, 4 ஆகிய எண்களை எந்த ஓட்டமும் சுட்டவில்லை. அடோபி இன்விஸ் ஃபாண்ட்டும் மிரியட் ப்ரோவும் மென்பொருளின் சொந்த ஏற்பாடுகள். யாரும் கேட்காமலே பல கோப்புகளில் வந்து உட்கார்ந்திருக்கும். இவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பாலூ தம்பி வேறு கதை. அது வெற்றிடத்துக்கு மட்டும் பயன்பட்டிருக்கிறது. வடிவமைத்தவர் முதலில் முழு வரியையும் பாலூ தம்பியில் அடித்துப் பார்த்து, பிடிக்காமல், சொல்லை ஒரு முறையும் ஆண்டை ஒரு முறையும் தேர்ந்தெடுத்து மாற்றியிருப்பார். இடையிலிருந்த வெற்றிடம் தப்பிவிட்டது. கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் பாலூ தம்பி இல்லாத கணினியில் எச்சரிக்கைப் பெட்டி எழத்தான் செய்யும். "அந்த ஃபாண்ட்டை நான் எங்கேயுமே போடலையே" என்று வடிவமைப்பாளர்கள் தலையைச் சொறிவதற்கு இப்படித் தப்பிய வெற்றிடங்கள் பெரும் காரணம்.

ஆக, பட்டியலில் ஐந்து, பயன்பட்டவை மூன்று, கண்ணில் படுபவை இரண்டு. எழுத்துரு சேகரிக்கும் நிரல் எதுவானாலும் இந்த மூன்று எண்களில் எதைத் தருகிறது என்று பார்க்க வேண்டும். ஃபோட்டோஷாப்புக்குள் எழுதப்படும் எளிய நிரல்கள் பல, அடுக்கின் முதல் எழுத்துக்கு உரிய எழுத்துருவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடும். நம் வரியில் அவை 'லதா' என்று மட்டும் சொல்லும். ஏரியல் விடுபட்டுப்போகும்.

கோப்புக்குள் கோப்பு

நாட்காட்டியில் ஒரே அடுக்கு இருக்காது. அடுக்குகள் குழுக்களாகவும், குழுக்களுக்குள் குழுக்களாகவும் இருக்கும். நிரல் ஒவ்வொரு குழுவையும் திறந்து, உள்ளே இன்னொரு குழு இருந்தால் அதையும் திறந்து, கடைசி அடுக்குவரை போக வேண்டும்.

இதைவிடச் சிக்கலானது, 2005-இல் வந்த 'ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்'. இதை 'உட்பொதி' எனலாம். கடையின் சின்னம் தனிக் கோப்பாக வடிவமைக்கப்பட்டு, நாட்காட்டிக் கோப்புக்குள் முழுதாகப் புதைக்கப்பட்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு படம். உள்ளே அதற்கென்று அடுக்குகள், அவற்றில் எழுத்துகள், அவற்றுக்கு வேறு எழுத்துருக்கள். சின்னத்தின் வாசகம் நோட்டோ சான்ஸ் தமிழில் இருந்தால், மேலடுக்குகளை மட்டும் பார்க்கும் நிரலுக்கு அது தெரியவே தெரியாது. புதைந்த கோப்பை வெளியே எடுத்து, முதலிலிருந்து அதே வேலையை அதற்கும் செய்ய வேண்டும். அதற்குள்ளும் ஓர் உட்பொதி இருந்தால், மறுபடியும்.

மறைத்து வைத்த அடுக்குகளும் உண்டு. சென்ற ஆண்டின் வாழ்த்து வாசகம் கண்ணை மூடிய நிலையில் கோப்பிலேயே கிடக்கும். அச்சுக்கு அது வேண்டாம். அடுத்த தீபாவளிக்கு வேண்டியிருக்கலாம். சேகரிப்பவர் இரண்டு பட்டியல்களாகப் பிரித்து வைத்துக்கொண்டால் பிறகு குழப்பம் வராது.

ஓர் எழுத்துருவுக்கு எத்தனை பெயர்?

பட்டியல் தயாராகிவிட்டது. இனி அந்தப் பெயர்களுக்கு உரிய கோப்புகளைக் கணினியில் தேட வேண்டும்.

இங்கே ஒரு தடுமாற்றம் காத்திருக்கிறது. ஒவ்வோர் எழுத்துருவும் பல பெயர்களைச் சுமக்கிறது. மெனுவில் தெரிவது குடும்பப் பெயர்: ஏரியல். கோப்புறையில் இருப்பது கோப்பின் பெயர்: தடித்த வடிவத்துக்கு 'ஏரியல்பிடி'. அடுக்குக் கோப்பு எழுதி வைத்திருப்பது மூன்றாவது ஒன்று: 'ஏரியல்-போல்ட்எம்டி'. இந்த மூன்றாவதை 'உள்பெயர்' எனலாம். 1984-இல் அறிமுகமான போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சு மொழியின் வழிவந்தது இது. இடைவெளி இருக்கக் கூடாது, அடைப்புக்குறி இருக்கக் கூடாது, 63 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்று அதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு.

கோப்புப் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். உள்பெயர் எழுத்துருவுக்குள்ளேயே பதிந்திருப்பதால் அப்படியே இருக்கும். எனவே சேகரிக்கும் நிரல் கணினியிலுள்ள ஒவ்வோர் எழுத்துருவையும் திறந்து உள்பெயரைப் படித்துப் பொருத்த வேண்டும்.

உள்பெயர் பொருந்தாததாலும் சிக்கல் வரும். மும்பையின் எக் டைப் குழு வடிவமைத்த பாலூ தம்பி முதலில் ஒரே தடிமனில் வந்தது. பின்னர் ஐந்து தடிமன்களோடு 'பாலூ தம்பி 2' என்ற பெயரில் வெளியானது. பார்வைக்கு நெருங்கிய உறவு, உள்பெயரோ வேறு. புதியதை மட்டும் நிறுவிய கணினி, பழைய கோப்பைத் திறந்ததும் எழுத்துரு இல்லை என்றே சொல்லும்.

தடித்துத் தெரியும் எழுத்தெல்லாம் தடித்த எழுத்துருவும் அல்ல. ஃபோட்டோஷாப்பில் 'போலித் தடிமன்' என்று ஒரு வசதி உண்டு. சாதாரண எழுத்தின் ஓரங்களை மென்பொருளே வீங்க வைத்துவிடும். திரையைப் பார்த்துத் தடித்த லதாவைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு, குறிப்பில் சாதாரண லதாதான் இருக்கிறது என்பது ஓட்டங்களைப் படித்தால் மட்டுமே தெரியும்.

எந்தத் தமிழ்?

தமிழில் இன்னொரு படி கூடுதலாக இருக்கிறது. ரோமன் எழுத்துரு காணாமல்போனால் எழுத்தின் அழகு மாறும், வாசகம் மாறாது. பழைய தமிழ் எழுத்துரு காணாமல்போனால் வாசகமே போய்விடும்.

யூனிகோடு பரவுவதற்கு முன் உருவான தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தன. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பரவிய பாமினியில் 'தமிழ்' என்று அடிக்க ஜே, கே, பி, ஓ என்ற விசைகளையும் ஓர் அரைப்புள்ளியையும் அழுத்த வேண்டும். கோப்பில் சேமிக்கப்படுவதும் அந்த ஆங்கில எழுத்துகள்தாம். பாமினி இருக்கும்வரை அவை தமிழாகத் தெரியும். பாமினி போனால் வேஷம் கலைந்துவிடும். அச்சக ஊழியர் கண்ட புரியாத எழுத்துகள் இப்படி வந்தவைதாம்.

ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக இருக்கை ஒதுக்கியது. தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளை ஏற்றது. 2010-இல் யூனிகோடுக்கும் டேஸ்-16 முறைக்கும் மாறியது. இடைப்பட்ட காலத்தில் வடிவமைக்கப்பட்ட கோப்புகள் அலமாரிகளில் அப்படியே கிடக்கின்றன.

எனவே கெட்டுப்போன வரியின் தோற்றமே ஒரு தடயம். ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்து வந்தால், பழைய முறை எழுத்துரு ஒன்று காணாமல் போயிருக்கிறது. வெறும் கட்டங்கள் வந்தால், வாசகம் யூனிகோடில் பத்திரமாக இருக்கிறது. மாற்றாக வந்த எழுத்துருவில்தான் தமிழ் இல்லை. இரண்டாவது நோய்க்கு எந்த யூனிகோடு தமிழ் எழுத்துருவும் மருந்தாகும். முதலாவதற்கு அந்தக் குறிப்பிட்ட எழுத்துருவையோ, அதே முறையில் அமைந்த வேறொன்றையோ தேட வேண்டும். இல்லையெனில் வாசகத்தைக் குறியீடு மாற்றும் கருவியில் போட்டு யூனிகோடாக்க வேண்டும்.

யூனிகோடில் வடிவமைத்துவிட்டால் கவலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து உடன் வந்த லதா, விண்டோஸ் 10-இல் விருப்பப் பகுதியாக ஒதுங்கிவிட்டது. தமிழைச் சேர்க்காமல் புதிதாக நிறுவிய கணினியில் நிர்மலா மட்டுமே இருக்கும். எல்லாக் கணினியிலும் இருக்கும் என்று நம்பி லதாவைச் சேகரிக்காமல் விட்டவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

எடுத்துக் கொடுக்கலாமா?

பக்க வடிவமைப்புக்கான இன்டிசைனில் 'பேக்கேஜ்' என்ற கட்டளை இருக்கிறது. அது எழுத்துருக்களைத் திரட்டித் தனிக் கோப்புறையில் போட்டுவிடும். வேறொரு கணினியில் ஆவணத்தைத் திறந்தால் அந்தக் கோப்புறையிலிருந்தே எடுத்துக்கொள்ளும். கோரல்டிராவிலும் அச்சுக்காகத் திரட்டும் வசதி உண்டு. ஃபோட்டோஷாப்பிலும் பேக்கேஜ் இருக்கிறது. ஆனால் அது இணைக்கப்பட்ட படங்களைத் திரட்டுவதற்கானது, எழுத்துருக்களைத் தொடாது. அதனால்தான் ஃபோட்டோஷாப் கோப்புகளுக்கு மேலே சொன்ன துப்பறியும் வேலை தேவைப்படுகிறது.

அடோபியின் மேகச் சேவையிலிருந்து பெற்ற எழுத்துருக்களை இன்டிசைனும் திரட்டாது. காரணம் உரிமம். எழுத்துருவும் ஒரு மென்பொருள்தான். ஒருவர் வாங்கினால் அதை அச்சகத்துக்கு நகலெடுத்துத் தரும் உரிமை தானாகச் சேர்ந்து வராது. ஓபன்டைப் எழுத்துருக்களுக்குள் இதற்கென்றே ஒரு சிறிய எண் இருக்கிறது. சுழியம் என்றால் ஆவணத்தில் பதித்து அனுப்பலாம், பெறுபவர் நிறுவிக்கொள்ளவும் செய்யலாம். இரண்டு என்றால் உரிமையாளரின் அனுமதியின்றிப் பதிக்கக் கூடாது. நான்கு என்றால் பார்க்கவும் அச்சிடவும் மட்டும். எட்டு என்றால் ஆவணத்தைத் திருத்தவும் செய்யலாம்.

நம் நாட்காட்டிக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். பாலூ தம்பியும் நோட்டோ சான்ஸ் தமிழும் திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானவை. உரிமக் கோப்போடு சேர்த்துத் தாராளமாக அனுப்பலாம். லதாவை அனுப்பத் தேவையில்லை. விண்டோஸின் விருப்பப் பகுதியிலிருந்து சேர்த்துக்கொள்ளும்படி ஒரு வரி குறிப்புப் போதும். ஏரியல் விண்டோஸோடும் மேக்கோடும் வருவது. விலைக்கு வாங்கிய எழுத்துரு இருந்தால் அந்த வாசகத்தை மட்டும் கோடுகளாக மாற்றி அனுப்பலாம். இதைத்தான் அச்சகங்களில் "கர்வ் பண்ணி அனுப்புங்க" என்கிறார்கள். வடிவம் அப்படியே இருக்கும். ஆனால் அதன்பிறகு அது எழுத்தல்ல, ஓர் ஓவியம். பிழை திருத்தம் எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பெயரே இல்லாதபோது

சில அடுக்குகளில் பெயர்கூட மிஞ்சியிருக்காது. யாரோ எழுத்து அடுக்கைப் படமாகக் கரைத்திருப்பார்கள். கோப்பின் குறிப்பிலிருந்து அந்த எழுத்துருவைக் கண்டுபிடிக்க வழியில்லை. வடிவத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

இந்த ஊகத்தைக் கணினிக்குக் கற்றுத்தரும் முயற்சி 2015-இல் 'டீப்ஃபான்ட்' என்ற ஆய்வாக வெளிவந்தது. அடோபியின் ஆய்வாளர்களும் அதில் பங்கேற்றார்கள். 2,383 எழுத்துருக்களில் அமைந்த செயற்கைப் படங்களைக் காட்டி ஒரு நரம்பு வலைப்பின்னலைப் பழக்கினார்கள். செயற்கைப் படங்கள் மிகச் சுத்தமாக இருக்கும், நிஜப் படங்கள் அப்படி இருக்காது என்பதால், பெயரிடப்படாத நிஜப் படங்களையும் சேர்த்துப் பயிற்சி தந்தார்கள். அது சொல்லும் முதல் ஐந்து பெயர்களுக்குள் சரியான விடை 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது.

அடுத்த ஆண்டே எழுத்துருவைப் பொருத்திக் காட்டும் வசதி ஃபோட்டோஷாப்பில் இடம்பிடித்தது. ஆனால் அறிமுகமானபோது அது ரோமன் எழுத்துகளுக்கு மட்டுமே வேலை செய்தது. தமிழ் வாசகம் படமாகக் கரைந்திருந்தால், பழைய எழுத்துருக்களில் கை பழகிய டிடிபி ஊழியரிடம் காட்டுவதே சுருக்கு வழி. ளகரத்தின் வளைவையும் ஐகாரக் கொக்கியையும் பார்த்தே எந்த எழுத்துரு என்று சொல்லிவிடுபவர்கள் அந்தத் தொழிலில் உண்டு. சொன்ன எழுத்துருவில் அதே சொல்லை அடித்து, கரைந்த படத்தின் மேல் பாதி ஒளிபுகும் அடுக்காக வைத்து, ஓரங்கள் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.